இருட்டிலிருந்து இறங்கும் படி: ஓர் உள்ளரங்க ரைடின் வெளிச்ச நிலை குறித்த நிகழ்வு ஆய்வு

கோவை மாநகரின் ஓரத்தில், குளிரூட்டப்பட்ட ஒரே கூரையின் கீழ் இயங்கும் பொழுதுபோக்கு மையம் ஒன்றில், கோடை விடுமுறையின் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் இது நடந்தது. கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து மகள் வயிற்றுப் பேரப்பிள்ளைகளுடன் வந்திருந்த, அறுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி, இருட்டு ரைடு முடிந்து வண்டியை விட்டு இறங்கினார். மேடையிலிருந்து வெளியேறும் வழிக்கு இறங்கும் ஒற்றைப் படியைக் காணாமல் காலை வீசி வைத்து விழுந்தார். வலது மணிக்கட்டு எலும்பில் விரிசல் ஏற்பட்டது. உடன் வந்த பேரன் "அம்மாயி, படி இருக்குது" என்று கத்தியிருக்கிறான். ஆனால் அதற்குள் கால் போய்விட்டது. பின்னர் நான் அவரைச் சந்தித்தபோது, "படி இருக்குதுன்னே தெரியலைங்க, எல்லாம் ஒரே சமதரையாத்தான் இருந்துச்சு" என்றார்.

மையத்தின் பதிவேட்டில் காரணம் "பயணியின் கவனக்குறைவு" என்று எழுதப்பட்டிருந்தது. ஆயினும் நிர்வாகம் அத்துடன் நிற்காமல், வெளிச்சம் போதவில்லை என்று கருதி, இறங்கும் மேடைக்கு எதிர்ச்சுவரில் இரண்டு எல்.இ.டி. ஃப்ளட் விளக்குகளைப் பொருத்தியது. அதன் பின் இரண்டு வாரங்களுக்குள் அதே படியில் மேலும் இருவர் தடுமாறினார்கள். வெளிச்சத்தைக் கூட்டிய பிறகும் தடுமாற்றம் தொடர்ந்ததால்தான் என்னை அழைத்தார்கள். நான் திருப்பூர் பனியன் தொழிற்சாலைகளின் துணி சரிபார்க்கும் அறைகளுக்கும் கோவை நூற்பாலைகளுக்கும் விளக்கமைப்பு செய்து வருபவன். கேளிக்கை ரைடு எனக்குப் புதிய களம். ஆனால் கண் எல்லா இடத்திலும் ஒரே கண்தான்.

ரைடின் அமைப்பு

நான்கு பேர் அமரும் வண்டிகள் தண்டவாளத்தின் மேல் மெதுவாக ஓடி, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடு போல அமைக்கப்பட்ட அறைகளைக் கடந்து, நான்கு நிமிடம் சொச்சத்தில் வெளியே வருகின்றன. காட்சிகளில் பெரும்பாலானவை கறுப்புச் சுவரில் ஒளிரும் வண்ணங்களால் தீட்டப்பட்டு, பிளாக் லைட்டில் (புற ஊதா, அதாவது யு.வி. விளக்கு) மட்டும் தெரிபவை. கடைசி அறையில் இடி மின்னல்: ஸ்ட்ரோப் விளக்கு வெள்ளையாகப் பலமுறை வெட்டுகிறது. அந்த அறையைத் தாண்டிய ஒரு திரைச்சீலைக்கு அப்பால் உடனே இறங்கும் மேடை. மேடையிலிருந்து வெளியேறும் நடைவழிக்கு 18 சென்டிமீட்டர் இறக்கம். மேடையும் நடைவழியும் ஒரே கருஞ்சாம்பல் நிற ரப்பர் விரிப்பு. படியின் விளிம்பில் சிவப்புப் பட்டை, அதுவும் நடுவில் கால் பட்டுத் தேய்ந்திருந்தது.

விபத்து நடந்த அன்று இருந்த நிலையை அறிய, முதலில் ஃப்ளட் விளக்குகளை அணைத்துவிட்டு அளந்தேன். வெளிச்சம் எவ்வளவு விழுகிறது என்பதை லக்ஸ் என்ற அலகில் காட்டும் மீட்டரில், படியின் மேல் 3 லக்ஸ் இருந்தது. காட்சி நடக்கும்போது திரையரங்க நடைவழியில் குறைந்தது 2.2 லக்ஸ் இருக்கவேண்டும் என்று அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் 101ஆம் விதித்தொகுப்பு கூறுகிறது. அந்தக் கணக்கில் 3 லக்ஸ் குற்றமில்லாத அளவு. ஃப்ளட் விளக்குகளை ஏற்றியபோது அதே இடத்தில் 180 லக்ஸ் காட்டியது. புதிதாகக் கட்டும் சாதாரணப் படிக்கட்டுக்கு அதே தொகுப்பு கேட்கும் 108 லக்ஸைவிட இது மிக அதிகம். இரண்டு நிலையிலும் அளவு விதிக்கு உட்பட்டே இருந்தது, இரண்டு நிலையிலும் மனிதர்கள் தடுமாறினார்கள். ஆகவே மீட்டரை மூடி வைத்துவிட்டு, பார்ப்பவரின் கண்ணிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று.

கண் பழகுவதற்கு ஆகும் நேரம்

சித்திரை வெயிலில் கோவையின் தார்ச்சாலையில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் வெளிச்சம் விழுகிறது. பௌர்ணமி நிலவு தருவது கால் லக்ஸ் அளவுதான். இந்த இரண்டுக்கும் இடையே நான்கு லட்சம் மடங்கு வேறுபாடு. கண்மணி 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விரிந்தாலும் உள்ளே வரும் ஒளி 16 மடங்குதான் கூடும். மீதி வேலை முழுவதையும் விழித்திரையின் வேதிமாற்றம் செய்தாகவேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். நிறம் அறியும் கூம்பு செல்கள் இருட்டுக்குப் பழக 5 முதல் 10 நிமிடமும், மங்கலில் பார்க்க உதவும் கோல் செல்கள் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடமும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகின்றன. நான்கு நிமிட ரைடில் பயணியின் கண் இருட்டுக்குள் முழுதாக நுழைவதே இல்லை; அரைவழியில் இருக்கும்போதே வெளியே கொண்டுவரப்படுகிறது. வயது இதை இன்னும் கடினமாக்குகிறது. கண்மணி சிறுத்து, விழிவில்லை மஞ்சளித்து, அறுபது வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் ஒளி இருபது வயதுக்காரருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. பேரனுக்குத் தெரிந்த படி அம்மாயிக்குத் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

அன்று அந்தப் பெண்மணி வெயிலில் நின்ற வேனிலிருந்து இறங்கி, கண்ணாடிக் கூரையிட்ட முற்றத்தைக் கடந்து, 320 லக்ஸ் வெளிச்சமுள்ள வரிசையில் நின்று, ஒரே கதவைத் தாண்டி கும்மிருட்டுக்குள் சென்றிருக்கிறார். முதல் இரண்டு அறைகளில் அவருக்கு எதுவும் தெரியவில்லை. "யானை பொம்மை எங்கன்னே தெரியலீங்க, புள்ளைங்கதான் கை காட்டுச்சுங்க" என்றார். கடைசி நிமிடத்தில் கண் சற்றுப் பழகிய வேளையில் மின்னல் வெட்டி அதைக் கலைத்தது. மின்னலிலிருந்து படி வரை வண்டிக்கு ஆகும் நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன்: ஒன்பது விநாடி.

இந்தத் துறையின் முன்னோர்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் 1967ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கடற்கொள்ளையர் படகுச் சவாரியில், படகு நேராக இருட்டுக்குள் விழுவதில்லை. முதலில் அந்தி மயங்கிய ஒரு சதுப்புநிலக் காட்சியின் வழியே நிதானமாக மிதந்து செல்கிறது. பார்ப்பவருக்கு அது அழகான காட்சி; அந்த அழகுக்குள்ளேயே கண்ணுக்கு அவகாசமும் கொடுக்கப்பட்டுவிடுகிறது. நம் மையத்தை அமைத்தவர்கள் அறைகளுக்குச் செலவிட்டார்கள், அறைகளுக்கு நடுவிலுள்ள வழிக்குச் செலவிடவில்லை என்பது என் துணிபு.

சிவப்புப் பட்டை

மங்கலான ஒளியில் கண்ணின் கூர்மை நீலப்பச்சைப் பக்கம் நகர்கிறது. பகலில் 555 நானோமீட்டர் அலைநீளத்தில் உச்சமாக இருக்கும் உணர்திறன், இருட்டில் 507 நானோமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. செக் நாட்டு அறிஞர் புர்கின்யே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், விடியற்காலையில் தோட்டத்துச் சிவப்புப் பூக்கள் கறுத்தும் இலைகள் வெளுத்தும் தெரிவதைக் கவனித்து இதை எழுதிவைத்தார். செம்பருத்திச் செடியை அந்தி சாய்ந்த பின் பார்த்த எவருக்கும் இது புரியும்.

படியின் விளிம்பில் தீட்டியிருந்த சிவப்புப் பட்டை 3 லக்ஸில் கறுப்பாகவே தெரிந்தது; கருஞ்சாம்பல் விரிப்பின் மேல் ஒரு கறுப்புக் கோடு. அதற்கு அனுமதி கொடுத்தவர்கள் கவனமற்றவர்கள் அல்லர். அவர்கள் ஆய்வுக்கு வந்தது காலையில், பராமரிப்புக்கான ஒர்க் லைட் அனைத்தும் எரிந்துகொண்டிருந்த நேரத்தில். அப்போது அந்தப் பட்டை பளிச்சென்று இருந்திருக்கும். இருட்டில் இயங்கும் ஒன்றை வெளிச்சத்தில் சோதிக்கும் வழக்கமே இங்கே முதல் தவறு என்று நினைக்கிறேன். இதோடு, அந்தப் பெண்மணி அணிந்திருந்தது இரட்டைப் பார்வைக் கண்ணாடி. அதன் கீழ்ப்பாதி படிப்பதற்கானது. குனிந்து காலடியைப் பார்க்கும்போது பார்வை அந்தக் கீழ்ப்பாதி வழியாகத்தான் போகும், ஆகவே தரை கலங்கித் தெரியும். அந்த வயதில் பலர் அணிவது அதுதான் என்பதால், அதை விதிவிலக்காகக் கொள்ள முடியாது.

ஃப்ளட் விளக்கு ஏன் உதவவில்லை

இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல. மையத்தில் துப்புரவுப் பணி செய்யும், சூலூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஐம்பத்தெட்டு வயது அம்மா ஒருவரை வண்டியில் ஏற்றி, ரைடு முழுவதும் சுற்றி வரச் செய்து, இறங்கும்போது என்ன தெரிகிறது என்று கேட்டேன். "விளக்கு கண்ணுல குத்துதுங்க, கால் தெரியலைங்க" என்றார். 180 லக்ஸ் என்று மீட்டர் சொன்ன இடத்தில் அவர் சொன்ன இந்த ஒரு வாக்கியமே இந்த ஆய்வின் மையம்.

நேரே கண்ணில் படும் விளக்கின் ஒளி விழிக்குள் சிதறி, பார்க்கவேண்டிய பொருளின் மேல் ஒரு வெண்திரை போலப் படர்கிறது. அந்தத் திரையின் அடர்த்தி, கண்ணை எட்டும் ஒளியின் அளவுக்கு நேராகவும், விளக்குக்கும் பார்வைக்கோட்டுக்கும் இடைப்பட்ட கோணத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகவும் மாறுகிறது. பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையத்தின் சூத்திரத்தில் வயதுக்கும் ஓர் உறுப்பு உண்டு, அதன்படி 70 வயதில் இந்தத் திரை இளையவருக்கு உள்ளதைப்போல் இரு மடங்காகிறது. கண்புரை தொடங்கியிருந்தால் அதற்கும் மேல். எதிர்ச்சுவரில் தலை உயரத்துக்குச் சற்று மேலே இருந்த ஃப்ளட் விளக்குகள், வண்டியிலிருந்து எழுபவரின் முகத்தை நேராகப் பார்த்தன. இன்னொரு தீங்கும் அதில் இருந்தது. மேல்தளம், கீழ்த்தளம் இரண்டும் ஒரே நிறம். எதிரிலிருந்து வந்த ஒளி இரண்டையும் ஒரே அளவில் நிரப்பியதால் படியின் நிழல் அழிந்தது. படியைப் படியென்று காட்டுவது அதன் இரு தளங்களுக்கும் இடையிலான ஒளி வேற்றுமைதான். அது இல்லாதபோது எத்தனை லக்ஸ் கொட்டினாலும் அது சமதரைதான்.

திரைச்சீலையின் இடுக்கு வழியே ஃப்ளட் ஒளி மின்னல் அறைக்குள் கசிந்து, அங்கே கூரையின் குழாய்களையும் பொம்மைகளின் பின்பக்கக் கம்பிகளையும் காட்டிக்கொடுத்தது என்பதையும் குறிப்பிடவேண்டும். இருட்டு ரைடில் இருட்டு ஒரு குறைபாடன்று, அதுதான் அங்கே விற்கப்படும் பொருள். 1928இல் நியூ ஜெர்சியில் லியோன் கசிடி என்பவர் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் மின்வண்டியை இருட்டறைக்குள் வளைத்து வளைத்து ஓடவிட்டு, 'பிரெட்சல்' என்ற பெயரில் விற்கத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். பாதுகாப்புக்காக அதைப் பறித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. பறிக்கத் தேவையும் இருக்கவில்லை.

பிளாக் லைட்டும் வெள்ளை வேட்டியும்

திருப்பூர்க்காரர்கள் இதை எளிதில் விளங்கிக்கொள்வார்கள். நிறம் ஒப்பிடும் கலர் மேட்சிங் கேபினெட்டில் யு.வி. விளக்கைப் போட்டதும், வெண்மையூட்டி சேர்த்த துணி நீலமாகப் பற்றிக்கொண்டு எரிவதும், சேர்க்காத துணி மங்கிக் கிடப்பதும் அவர்கள் அன்றாடம் பார்ப்பது. அதே வெண்மையூட்டிதான் கடையில் வாங்கும் சலவைத்தூளிலும் உள்ளது. வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் முன்வண்டியில் அமர்ந்தால், பின்னால் வருபவர்களுக்கு அவரே ஒரு விளக்காகிவிடுகிறார். உடையைக் கட்டுப்படுத்த முடியாது. பிளாக் லைட்டைச் சுவரை நோக்கித் திருப்பி, வண்டியின் மேல் விழாதபடி மறைக்க முடியும். அப்படியே செய்தோம்.

விளக்குகளின் தரத்திலும் குறை இருந்தது. மலிவாகக் கிடைக்கும் பிளாக் லைட்டுகள் 395 முதல் 405 நானோமீட்டரில் ஒளிர்பவை. அவற்றின் ஊதா நிறம் கண்ணுக்கே தெரியும், ஆனால் விழிவில்லையால் அதைச் சரியாகக் குவிக்க இயலாது, ஆகவே எல்லாவற்றுக்கும் கலங்கிய ஓரம் உண்டாகும். 365 நானோமீட்டர் விளக்கும் குற்றமற்றது அன்று: அது நேரே கண்ணில் பட்டால் விழிவில்லையே மெல்ல ஒளிர்ந்து மூடுபனி போல மறைக்கிறது, முதியவர்களின் வில்லை இன்னும் அதிகமாக. ஆனால் திசைதிருப்பி மறைத்து வைத்தால் காட்சி மட்டும் தெரியும். மேலும், லக்ஸ் மீட்டர் பகல்பார்வையின் உணர்திறனுக்கு ஏற்ப அளவமைக்கப்பட்டது. பிளாக் லைட் அறையில் அது காட்டும் பூஜ்யத்துக்கும் கண் காணும் காட்சிக்கும் தொடர்பில்லை. சாதாரண மீட்டரை நம்பி இத்தகைய அறைகளை மதிப்பிடவேண்டாம் என்பது இத்தொழிலில் இருப்போருக்கு என் வேண்டுகோள்.

ஆபரேட்டரின் கண்ணாடி அறை

இறங்கும் மேடையைப் பார்க்கவே அமைக்கப்பட்ட கண்ணாடி அறையில் ஆபரேட்டர் தம்பி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல் டியூப் லைட் எரிந்தது. அவர் இடத்தில் நான் அமர்ந்து பார்த்தபோது, கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது என் முகமும் பின்சுவரில் தொங்கிய காலண்டரும்தான், படி தெரியவில்லை. இருட்டான பக்கத்தையும் வெளிச்சமான பக்கத்தையும் பிரிக்கும் கண்ணாடி, வெளிச்சப் பக்கத்தில் இருப்பவருக்கு முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். 1862இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் ஆவியைத் தோன்றச் செய்தது இதே இயல்பைக் கொண்டுதான். இன்றும் உலகெங்கும் பேய் வீடுகளில் ஆவிகள் தோன்றுவது அப்படியே. மேடையைக் காக்கவேண்டிய இடத்தில் அந்த இயல்பு மேடையையே மறைத்துக்கொண்டிருந்தது. டியூப் லைட்டை அகற்றி, மேசை மேல் மட்டும் விழும் சிறு விளக்கை வைத்து, கண்ணாடியைச் சற்றுச் சாய்த்ததும் படி முழுவதும் தெரிந்தது. ஆன செலவு மிகக் குறைவு.

உள்ளறைகளின் கேமராக்கள் அகச்சிவப்பு ஒளியில் இயங்குபவை. 850 நானோமீட்டர் வகையில் விளக்குப்புள்ளிகள் மங்கிய சிவப்பாகத் தெரியும். பிள்ளைகள் அதைப் பார்த்து "அங்க கேமரா" என்று கை காட்டுவதாக ஊழியர்கள் கூறினார்கள். 940 நானோமீட்டர் வகை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எட்டும் தூரம் குறையும். சிறிய அறைகளில் மட்டும் மாற்றினோம்.

மின்சாரம் நின்றால்

படிக்காக அழைக்கப்பட்ட எனக்கு, மிகுந்த அச்சம் தந்தது இந்தப் பகுதிதான். 1984 மே 11 அன்று நியூ ஜெர்சியின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்காவில், நடந்து செல்லும் பேய் மாளிகை ஒன்றில் தீப்பிடித்து எட்டுப் பதின்வயதினர் இறந்தார்கள். ஒரு ஸ்ட்ரோப் விளக்கு பழுதாகி வழி இருண்டுபோன இடத்தில், ஒரு சிறுவன் வழி பார்க்க லைட்டரைப் பற்றவைத்தபோது சுவரின் நுரைத்திணிப்பில் தீ பிடித்தது என்பதே அந்நிகழ்வுக்குச் சொல்லப்படும் விளக்கம். மாளிகையில் தண்ணீர் தெளிக்கும் தீயணைப்பு அமைப்பு இல்லை. வடிவமைத்தவர் எண்ணிய இருட்டு வேறு, பழுதால் வந்த இருட்டு வேறு. உள்ளே நிற்பவருக்கு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

இங்கே பார்வையாளர் இல்லாத நேரத்தில் மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தோம். ஜெனரேட்டர் ஏற்கும் வரை வண்டிகள் நின்றன, பயணிகளை மடிக்கு மேல் பிடித்திருக்கும் பாதுகாப்புக் கம்பிகள் பூட்டியே இருந்தன. அவசர விளக்குகளில் இரண்டின் பேட்டரி செத்திருந்தது. தரையில் ஒட்டியிருந்த, இருட்டில் தானே ஒளிரவேண்டிய பட்டைகள் ஒளிரவில்லை. ஊழியர்கள் பட்டையில் கோளாறு என்று கருதினார்கள். அது நல்ல பட்டைதான். அத்தகைய பட்டை முன்னதாக வாங்கிய ஒளியைத்தான் திருப்பித் தரும். நாள் முழுவதும் இருட்டிலேயே கிடக்கும் பட்டையிடம் தருவதற்கு எதுவும் இருக்காது. பிளாக் லைட் படும் அறையில் மட்டும் அது நன்றாக ஒளிர்ந்தது, ஏனெனில் யு.வி. அதை ஊட்டிக்கொண்டிருந்தது. ஆகவே வழியோரப் பட்டைகளுக்கு மேல், சுவரடியில் மறைவாகச் சிறு யு.வி. விளக்குகளைத் தொடர்ச்சியாக எரியவிட்டோம். பட்டை காட்சியின் பகுதி போலக் காட்டுக்கொடியாகத் தோன்றும்படி ஓவியர் தீட்டிக்கொடுத்தார். அவசர விளக்குகளை, இந்திய தேசியக் கட்டடத் தொகுப்பு 2016 கேட்கும் 10 லக்ஸ் தரும்படியும், ஒன்றரை மணி நேரம் தாங்கும்படியும் புதிதாக அமைத்தோம். மாதம் ஒருமுறை மின்சாரத்தை உண்மையாகவே நிறுத்திச் சோதிப்பது இப்போது பராமரிப்பு ஏட்டில் உள்ளது.

படியில் செய்தவை

ஃப்ளட் விளக்குகள் கழற்றப்பட்டன. சிவப்புப் பட்டை அகற்றப்பட்டு, ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் வெளிர்மஞ்சள் விளிம்பு பொருத்தப்பட்டது. விளிம்பின் அடியில், கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து, கீழ்த்தளத்தை மட்டும் நனைக்கும் மெல்லிய விளக்குப் பட்டை வைக்கப்பட்டது. அதன் அளவு 20 லக்ஸ், ஃப்ளட் விளக்குகள் தந்ததில் ஒன்பதில் ஒரு பங்கு. படியருகே பிடித்திறங்க ஒரு கம்பம் நடப்பட்டது. மின்னல் அறையும் அதற்கு முந்தைய அறையும் இடம் மாற்றப்பட்டன. கடைசி அறை இப்போது விடியற்காலைக் காடு, அதன் வெளிச்சம் வண்டி நகர நகரக் கூடி, மேடையின் வெளிச்சத்தோடு இணைகிறது. ஸ்ட்ரோப்பின் வேகமும் குறைக்கப்பட்டது. விநாடிக்கு 15 முதல் 20 முறை வெட்டும் ஒளி வலிப்பைத் தூண்டும் அபாயம் மிக்கது. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் தொடரின் வெட்டொளியால் 600க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டதை நினைவில் வைத்து, விநாடிக்கு மூன்றுக்கு மேல் போகவேண்டாம் என்று முடிவு செய்தோம்.

சூலூர் அம்மாவை மீண்டும் வண்டியில் ஏற்றினோம். கம்பத்தைப் பிடிக்காமலே இறங்கிவிட்டு, "இப்பத் தெரியுதுங்க, மஞ்சக் கோடு" என்றார். அதன் பின்னான மூன்று மாதங்களில் அந்தப் படியில் தடுமாற்றம் எதுவும் ஏட்டில் ஏறவில்லை. மூன்று மாதம் குறுகிய காலம் என்பதால் இதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன்.

ரைடுக்குள் நுழையும் முன்பே கண் பழகத் தொடங்கட்டும் என்று, வரிசையில் நிற்கும் இடத்தையும் கட்டம் கட்டமாக இருட்டாக்கினோம். அதில் மட்டும் ஒரு சிக்கல் மீதமுள்ளது. நண்பகல் வெயிலுக்கு என்று அமைத்த அந்த அளவு, தென்மேற்குப் பருவமழை பாலக்காட்டுக் கணவாய் வழியே மேகத்தைக் கொண்டுவந்து குவிக்கும் நாட்களிலும், மாலை ஏழு மணிக்குப் பிறகும் பொருந்துவதில்லை. அப்போது வெளியிலிருந்து வருபவரின் கண் ஏற்கெனவே பாதி பழகியிருக்கும், வரிசை தேவையைவிட வெளிச்சமாக இருக்கும். இதற்காக ஆபரேட்டரின் மேசையில் வெயில், மூட்டம், இரவு என்று மூன்று நிலையுள்ள ஒரு சுவிட்சைப் பொருத்தியிருக்கிறோம். ஒவ்வொரு முறை பணி மாறும்போதும் பொறுப்பேற்கும் தம்பி வாசல் வரை நடந்துபோய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து அதைத் திருப்புகிறார்.